ஒளிக்கற்றையின் விளிம்பும் ஈர்ப்பலை ஆய்வும்

(ஐதராபாத்தில் மாணவர்கள், அரசு அலுவலர்கள் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



மராட்டிய மாநிலத்து இங்கோலி வட்டாரம் இந்நகருக்குப் புதியதன்று. 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை அது ஐதராபாத் மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே அவுண்டா நாகநாத் அருகில்தான் 'லைகோ-இந்தியா' என்னும் ஈர்ப்பலை ஆய்வகம் அமையவிருக்கிறது. மத்திய அரசு இதற்கு 2016 பிப்ரவரியில் கொள்கையளவிலும், 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய் மதிப்பீட்டில் முழுமையாகவும் ஒப்புதல் அளித்தது. இத்துணைப் பெரிய கருவியின் வெற்றி, ஒளிக்கற்றையின் ஓரத்தில் நேரும் சிறு குறையையும் பொறுத்தது என்பதை விளக்க விரும்புகிறேன்.

இக்கருவி ஒரு குறுக்கீட்டுமானி. லேசர் ஒளி இரண்டாகப் பிரிந்து, செங்குத்தாக அமைந்த 4 கிலோமீட்டர் நீள வெற்றிடக் குழாய்களில் சென்று, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி ஒன்றுசேர்கிறது. ஈர்ப்பலை கடக்கும்போது இரு கைகளின் நீளமும் வேறுபடும். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் இரு லைகோ ஆய்வகங்களும் முதன்முதலாகக் கண்டறிந்த அலையில், அவ்வேறுபாடு புரோட்டானின் குறுக்களவில் ஏறத்தாழ நானூற்றில் ஒரு பங்கே.

லேசர் கற்றைக்குக் கூரிய எல்லை இல்லை. நடுவில் செறிந்து ஓரத்தில் படிப்படியாக மங்குகிறது. கற்றையின் ஆரத்திற்குச் சமமான ஆரமுள்ள துளையில் அது சென்றால் ஒளியில் 13.5 விழுக்காடு வெட்டுப்படும். துளையின் ஆரம் ஒன்றரை மடங்கானால் இழப்பு 1.1 விழுக்காடு, இரு மடங்கானால் 0.03 விழுக்காடு. இழப்பு நிலையாக இருந்தால் கேடு குறைவு. கற்றையோ துளையோ அசைந்தால்தான் தொல்லை. அப்போது கடந்து செல்லும் ஒளியின் அளவு ஏறி இறங்கும். நில அதிர்வு ஒளி அதிர்வாக மாறி, உண்மைச் சைகையைப் போலத் தோற்றமளிக்கும்.

வெட்டுப்பட்ட ஒளி மறைந்துவிடுவதும் இல்லை. அது குழாய்ச் சுவரில் சிதறி, ஒரு பகுதி கற்றையுடன் மீண்டும் கலக்கலாம். சிதறடிக்கும் பரப்பு வினாடிக்கு 10 மைக்ரோமீட்டர் வேகத்தில் அசைந்தாலே, 1064 நானோமீட்டர் அலைநீள ஒளியில் வினாடிக்குச் சுமார் 19 அதிர்வுகள் எழும். கடலலைகளால் நிலத்தில் எழும் மெதுவான ஆட்டமும் இவ்வாறு கருவியின் அளவீட்டு எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. இதனால்தான் குழாய்களுக்குள் தடுப்பு வளையங்கள் பொருத்தப்படுகின்றன.

குறையைக் கண்டறிவது எங்ஙனம்? முதலில், அதிர்வு உணர்கருவிகளின் பதிவையும் ஒளிப் பதிவையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் ஐயத்திற்கு இடமுண்டு. ஆனால் அதுவே சான்றாகாது. அடுத்து, கற்றையைத் திருப்பும் கண்ணாடியைத் தெரிந்த அதிர்வெண்ணில் சிறிதளவு வேண்டுமென்றே அசைக்க வேண்டும். துளையில் கற்றை ஒருபுறமாக ஒதுங்கியிருந்தால் அதே அதிர்வெண்ணில் இரைச்சல் தோன்றும். நடுவில் இருந்தால் அது பெரிதும் மறைந்து, இருமடங்கு அதிர்வெண்ணில் சிறு தடயமே எஞ்சும். பின்னர் கற்றையைச் சிறிது நகர்த்தி இரைச்சல் குறைகிறதா எனவும், பழைய இடத்திற்குக் கொணர்ந்து மீண்டும் எழுகிறதா எனவும் நோக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பது இங்கு கட்டாய விதி.

அலுவலர்கள் இதில் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. காரணம் அறியாமல் லேசரை மாற்றுவதும் வெற்றிடக் கலத்தைத் திறப்பதும் காலத்தையும் பொதுப் பணத்தையும் வீணாக்கும். கலத்தைத் திறந்தால் தூசி புகும் இடர் உண்டு. மீண்டும் வெற்றிடமாக்கவும் நெடுநாள் பிடிக்கும். ஆகவே, கண்காணிப்பு உணர்கருவிகளுக்கும் நாள்பதிவேடுகளுக்கும் ஆகும் செலவை மிகையெனக் கருதி வெட்டலாகாது.

புணே, இந்தூர், காந்திநகர் ஆகிய இடங்களிலுள்ள ஆய்வு நிறுவனங்களும் அணுசக்தித் துறையும் இப்பணியில் இணைந்துள்ளன. முக்கியக் கருவிப் பகுதிகள் அமெரிக்காவிலிருந்து வரும். ஆனால் இங்குள்ள நிலத்தில், இங்குள்ள அதிர்வுகளிடையே எழும் இரைச்சலை இனங்காணும் திறனை இறக்குமதி செய்ய இயலாது. மாணவர்களே, அத்திறன் மேசை மீது அமைத்த ஒரு சிறு லேசர், ஒரு துளை, ஓர் ஒளி உணர்கருவி ஆகியவற்றிலிருந்தே வளரத் தொடங்கும். அப்பயிற்சியை நம் கல்லூரிகள் இப்போதே தொடங்குதல் வேண்டும்.