கல் இறக்கும் முன்னே பக்கத்து வீட்டில் சொன்னோமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கடன் வரவு, வங்கி இணைப்பு எல்லாம் பேசியாச்சு. இப்போ வீடு கட்ட மனு போடும் முன்னே பக்கத்து வீட்டுக்குச் சொல்வது பற்றி நாம் பேசுவோம். "இதுக்கெல்லாம் ஒரு பேச்சா?" என்று சிலர் சிரிக்கிறீங்க. அடுத்தடுத்த வீட்டுக்காரங்க ஒரே குழுவில்தானே இருக்கிறோம்? சுவர்த் தகராறு வந்தா முதலில் பேச்சு நிக்கும். அப்புறம் ஒருத்தர் கூட்டத்துக்கு வரமாட்டார், சந்தாவும் நிக்கும்.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் முன்னே ஆள் வந்து டேப் பிடிச்சா தெருவுக்கே தெரியும். இப்போ அஸ்திவாரம் தோண்டும்போதுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியுது. அந்த அனுமதித் தாள் எல்லைச் சண்டையைத் தீர்க்கவும் தீர்க்காது.

எல்லையில் சந்தேகம் இருந்தா, வரைபடம் போடும் முன்னே நிலத்தை அளக்க மனு கொடுக்கணும். அளக்கும் நாளைப் பக்கத்து நிலத்துக்காரருக்கும் நோட்டீஸ் மூலம் தெரிவிப்பாங்க. இங்கேதான் நம்ம பெண்களுக்குச் சிக்கல். நோட்டீஸ் பட்டாவில் பேர் உள்ளவருக்கு வரும். பட்டா மாமனார் பேரில் இருக்கும், அவர் காலமாகிப் பல வருஷம் ஆயிருக்கும். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையில் இருப்பார். வீட்டில் இருக்கிறது நாமதான். "ஆம்பளைங்க வரட்டும்" என்று தாளை அலமாரியில் சொருகி வைக்கிறோம். அதற்குள் அளந்து கல்லும் நட்டுடுவாங்க.

அந்தத் தாளைப் பிரிச்சுப் படிக்கணும். படிக்கத் தெரியலைன்னா ஊக்குநரிடம் கொண்டு வாங்க. அளக்கிற நாளில் நாமே போய் நிக்கணும். பழைய கல் எங்கே இருந்ததுன்னு, தினமும் அந்த ஓரத்தில் பாத்திரம் தேய்க்கிற நம்மைவிட யாருக்குத் தெரியும்?

கட்டுறது நாமன்னா, மனு போடும் முன்னாலேயே வரைபடத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போகணும். மழைத்தண்ணி எந்தப் பக்கம் விழும், செப்டிக் டேங்க் எங்கே வரும், அவங்க கிணறு எங்கே இருக்கு, ஜன்னல் யார் முற்றத்தைப் பார்க்கும், இதையெல்லாம் தரையில் கோடு போட்டுக் காட்டுங்க. பென்சிலில் இருக்கும்போது படிக்கட்டைக்கூட மாத்தலாம். கான்கிரீட் போட்ட பிறகு மாத்தினா அந்தச் செலவும் கடன்தான். பங்காளி வீடா இருந்தா இரண்டு தடவை போங்க. முதல் தடவை பழைய கதை பேசவே நேரம் சரியாப் போகும்! வீட்டில் ஆச்சி மட்டும் இருந்தா அவங்களிடமும் சொல்லுங்க, வெளியூரில் இருக்கும் மகனுக்கும் போன் போடுங்க.

"அவங்க சம்மதிக்கலைன்னா கட்டவே கூடாதா?" என்று ஓர் அக்கா கேட்டாங்க. அப்படி இல்லை. இடம் நம்முடையதா இருந்து, விட வேண்டிய இடத்தை விட்டு, முறைப்படி அனுமதியும் வாங்கியிருந்தா கட்டலாம். சம்மதத்துக்குன்னு காசு கேட்டா கொடுக்கவும் வேண்டாம். ஆனா அவங்க சொல்ற குறையைக் காது கொடுத்துக் கேட்கணும். தண்ணி அவங்க சுவரில் விழும்னு சொன்னா, அது உண்மையாத்தான் இருக்கும்.

வீட்டுக்காக உள்கடன் கேட்டிருக்கிறவங்க, வரைபடத்தை ஒரு ஜெராக்ஸ் கூடுதலா எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துட்டு வாங்க. அடுத்த கூட்டத்தில் கடன் மனுவைப் பார்க்கும்போது அதையும் கேட்போம்.