மூளையும் ஆத்தாளும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விலங்கியல் படித்தவன் என்பதால், “சாமி நம்பிக்கையும் மூளையும்” என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். இங்கே நான் அறுத்தது தவளை மூளைதான். அதில் சாமி தென்படவில்லை! ஆகவே என் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

அத்தைக்குச் சத்தியமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மாதம் இரண்டு தடவையாவது அவருக்கு “ஆத்தா வருவாள்”. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுமாம். எங்கும் ஏற்றாத கற்பூரம் மணக்குமாம். பிறகு பார்வை நிலைகுத்தும், வாய் எதையோ மெல்லும். ஊரே கும்பிட்டு வாக்குக் கேட்கும். சின்னப் பையனாக நானும் கேட்டிருக்கிறேன், கணக்குப் பரீட்சைக்கு.

1984-ல் அப்படி வந்தபோது அடுப்பின் மேல் சாய்ந்து கை வெந்துபோயிற்று. கோவைக்குக் கூட்டி வந்தோம். மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்த டாக்டர், காதோரம் இருக்கும் மூளைப் பகுதியில் தோன்றும் வலிப்பு என்றார். தினமும் மாத்திரை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற வி.எஸ். ராமச்சந்திரன் இதே வகை வலிப்புக்காரர்களைச் சோதித்து, 1998-ல் வெளியான புத்தகத்தில் எழுதினார். பக்தி சம்பந்தமான சொற்களைக் காட்டினால், உள்ளங்கை வியர்வை மற்றவர்களைவிட அதிகமாக மாறியது. சோதிக்கப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பத்திரிகைகளோ “மூளையில் கடவுள் இருக்கும் இடம்” என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டன. வலிப்பு வரும் எல்லோருக்கும் சாமி வருவதில்லை. சாமியாடுகிறவர்கள் எல்லோருக்கும் வலிப்பும் கிடையாது. தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த பங்குனியில் பண்ணாரி குண்டம். அத்தை மாத்திரையை நிறுத்திவிட்டார். “இதத் தின்னா ஆத்தா வர மாட்டீங்கறா கண்ணு.” எனக்கு வயிறு கலங்கியது. நெருப்பில் நடக்கும்போது வலிப்பு வந்தால்? விஞ்ஞானமெல்லாம் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில், “மாத்திரையையும் ஆத்தா படத்து முன்னாடி வெச்சு, பிரசாதமா எடுத்துக்குங்க அத்தை” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். எடுத்துக்கொண்டார்.

விடிவதற்கு முன்பே வேப்பிலையோடு இறங்கினார். எரிகரும்புத் தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், கால் படுவதும் நொடி நேரம்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அங்கே கடைசியில் மாடுகளும் இறங்கும். அவற்றின் நம்பிக்கை பற்றி என்னைக் கேட்காதீர்கள். இவ்வளவு தெரிந்தும், ஓரத்தில் நின்ற என் நெஞ்சு அடித்த அடி! ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிகே என்ற ஊரிலும் தீ மிதிப்பார்கள். அங்கே இதயத்துடிப்பை அளந்த ஆராய்ச்சி 2011-ல் வெளியானது. நடப்பவரின் துடிப்போடு, வேடிக்கை பார்க்கும் சொந்தக்காரர்கள், சிநேகிதர்களின் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியதாம். சம்பந்தமில்லாதவர்களுக்கு அப்படி இல்லை. படித்தவுடன் அந்த விடிகாலைதான் ஞாபகம் வந்தது.

அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, “விழுகறது நின்னு போச்சு சாமி. ஆனா அவளும் வர்றதில்லையே” என்றார். என்னிடம் பதில் இல்லை.

காலையில் அவருக்குத் தெரியாமல் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணினேன். ஒன்று குறைந்திருந்தது.