காய்ந்த புல்லில் பற்றும் தீ

பங்குனி பிறந்தால் படப்பையைச் சுற்றியுள்ள காலி மனைகளிலும் ஏரிக்கரைகளிலும் புல் காய்ந்து சருகாகிவிடும். அணைக்காத பீடித் துண்டு ஒன்று போதும். குப்பைக்கு வைத்த நெருப்பும் போதும்.

அக்கம்பக்கத்தார் பச்சை வேப்பங்கொத்தால் அடித்து அணைப்பது பழைய வழக்கம். நல்ல வழக்கமும்கூட. ஆனால் தீ முழங்கால் உயரத்துக்குள் இருக்கும்வரைதான். காற்று முதுகில் பட நிற்க வேண்டும். தீ போகும் பக்கம் நிற்கவே கூடாது.

மேட்டுச் சரிவில் ஆபத்து அதிகம். தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் சுடர் குச்சியில் விறுவிறுவென ஏறும். சரிவிலும் தீ அப்படித்தான் ஏறுகிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். பலர் உயிரிழந்தனர். அங்கே மீட்புக்குத் தோள் கொடுத்தவர்களில் உள்ளூர் மக்களும் உண்டு. அது மறக்கக் கூடாத உதவி.

வீட்டைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, மண் தெரிய விட வேண்டும். எரிய எதுவும் இல்லாத இடத்தில் புல் தீ நின்றுவிடும். ஆம், வெறும் மண்ணில் அது நின்றுவிடும்.

தீ உயர்ந்தால் விலகிவிட வேண்டும். உடனே 101 அல்லது 112 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். தெருப் பெயரோடு பக்கத்துக் கோயிலையோ கம்பெனி வாசலையோ அடையாளம் சொன்னால், தீயணைப்பு வண்டி வழி தேடி அலையாது.