உங்கள் வீட்டில் எப்படி?



பலகையை விரித்துக் காய்களைப் பங்கிட்டவுடன் ஆட்டம் தொடங்கிவிடும் என்று எண்ணுபவர்கள் இவ்வகை ஆட்டங்களில் பழக்கமில்லாதவர்கள். முதலில் தொடங்குவது வழக்கு. "தாயம் விழாமல் காயை இறக்கலாமா?" என்று ஒருவர் கேட்பார். "ஐந்து விழுந்தாலும் இறக்கலாம், எங்கள் ஊரில் அப்படித்தான்" என்பார் மற்றொருவர். "ஒரு காயையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போக விடமாட்டோம்" என்பார் மூன்றாமவர். தில்லியில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் நாங்கள் சில குடும்பத்தார் சனிக்கிழமை மாலைகளில் கூடி ஆடுவதுண்டு. திருநெல்வேலி, தஞ்சாவூர், கோயம்புத்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் மூன்று. மைசூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. கொல்கத்தாவிலிருந்து வந்தது ஒன்று. ஆட்டம் ஒரு மணி நேரம் என்றால் அதற்குமுன் விதி பேசுவது அரை மணி நேரம். "உங்கள் வீட்டில் எப்படி?" என்ற கேள்வியே எங்கள் கூட்டத்தின் கடவுள் வாழ்த்து.

இதற்குக் காரணம் எளிது. நம்மவர் ஆட்டங்களை யாரும் புத்தகத்தைப் பார்த்துக் கற்றதில்லை. கோயில் மண்டபத்துக் கல்தளங்களில் ஆடுபுலிக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். கோட்டைக் கல்லில் வெட்டி வைத்த கைகள், விதியை வெட்டி வைக்கவில்லை. அது பாட்டியின் வாயிலும் அத்தையின் வாயிலும் இருந்தது. பாட்டி சொன்னதே உலகத்துக்கெல்லாம் பொதுவான சட்டம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். ஊரை விட்டு வெளியேறி இன்னொருவர் வீட்டுப் பாயில் உட்காரும்வரை அந்த நம்பிக்கைக்குப் பங்கம் வருவதில்லை.

வீட்டுக்கு வீடு மாறும் இந்தச் சிறு வேறுபாடுகள் அற்பமானவை என்று தோன்றலாம். ஒரு கணக்குப் பார்ப்போம். தாயக்கட்டைகள் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் முகங்கள் நான்கு. ஒரு முகம் வெறுமை, மற்ற முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 வகையாக விழலாம். ஒன்றும் வெறுமையும் சேர்ந்து தாயம் ஆவது அவற்றுள் இரண்டே வகை. அதாவது எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆவது 16-இல் ஒன்று. ஆகவே, தாயத்துக்கு மட்டுமே காய் இறங்கும் என்ற வீட்டில் எட்டு முறை உருட்டியும் தாயம் காணாமல் கைபிசைந்து உட்கார்ந்திருப்பவர் நூற்றுக்கு 34 பேர் இருப்பர். ஐந்துக்கும் இறக்கலாம் என்ற வீட்டில் அப்படித் தவிப்பவர் நூற்றுக்குப் பத்துப் பேரே. முதல் வீட்டில் வளரும் பிள்ளை காத்திருக்கக் கற்கிறது. இரண்டாம் வீட்டுப் பிள்ளை இறங்கியவுடன் வெட்டுப்படாமல் ஓடக் கற்கிறது. பலகை ஒன்றே, கட்டை ஒன்றே. ஆயினும் ஆட்டங்கள் இரண்டு. தமிழில் ஆட்டத்தின் ஒழுங்குக்கும் 'விதி' என்றே பெயர், தலையெழுத்துக்கும் 'விதி' என்றே பெயர். மத்திய அரசில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்துப் பிழைக்கும் எங்களுக்கு, இந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்தால் ஒரு பாதி கைநழுவிப் போகும் என்பது தெரியும்.

ஒரு வீட்டு விதியில் வளர்ந்தவர் இன்னொரு வீட்டு விதிக்கு மாறும்போது எவ்வளவு வலிமை வேண்டும் என்பதற்குச் சதுரங்கத்தில் ஒரு சான்று உண்டு. மீர் சுல்தான் கான் என்பவர் பஞ்சாபில் பிறந்து, இந்திய முறைச் சதுரங்கத்தில் தேர்ந்தவர். அம்முறையில் காலாள் தொடக்கத்தில் இரண்டு கட்டம் தாண்டுவதில்லை; ஒரே அடிதான். அரசன் கோட்டைக்குள் ஒதுங்கும் வழக்கமும் கிடையாது. ஒரு முறை மட்டும் குதிரையைப் போல் தாவலாம். வயது வந்தபின் ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொண்ட அவர், 1929-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932-லும் 1933-லும் மீண்டும் வென்றார். உலக வீரராக விளங்கிய கபபிளாங்காவும் ஒரு முறை அவரிடம் தோற்றார். ஆட்டத்தின் தொடக்கத்தில் அவர் தடுமாறுவார் என்றும், நடுவிலும் முடிவிலும் அவரை அசைப்பது அரிது என்றும் சொல்வார்கள். காலாளின் முதலடியே மாறிப்போன பலகையில் தொடக்கம் தடுமாறாமல் என்ன செய்யும்? 1966-இல் மறைந்த அவருக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-ஆம் ஆண்டில்தான்.

எங்கள் கூட்டத்தில் அத்தகைய மேதைகள் இல்லை. ஆனால் சொற்கள் உண்டு. தாயத்தில் பலகையைச் சுற்றி வருவதைக் 'காய்' என்கிறோம். அதுவே வீடு சேர்ந்துவிட்டால் 'பழம்'. சிறு வயது முதல் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனதால் காய் கனிவதை நம் காது கவனிப்பதில்லை. கொல்கத்தாக் குடும்பத்துத் தலைவர் ஒரு நாள், ஏறக்குறைய முடிந்த காரியம் கெட்டுப்போவதற்கு வங்காளியில் ஒரு வழக்கு இருப்பதாகச் சொன்னார்: பழுத்த காய் மறுபடி பச்சையாகிவிட்டது என்பதாம். அங்கும் வீடு சேர்ந்த காய் பழுத்த காய்தான்! இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் வியப்புடன் பார்த்துக்கொண்டோம். அன்று ஆட்டம் நடந்ததாக நினைவில்லை.

வடக்கே 'பச்சீசி' என்று பெயர் பெற்றதும் தாயத்தின் நெருங்கிய உறவே. சோழியில் விழும் பெரிய எண்ணான 25-ஐ வைத்து வந்த பெயர் அது. ஆக்ராவுக்கு அருகே பதேபூர் சிக்ரியில் அரண்மனை முற்றத்துக் கல்தளத்திலேயே பச்சீசிப் பலகை அமைந்திருக்கிறது. அக்பர் மனிதர்களையே காய்களாக நிறுத்தி ஆடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தாஜ்மகாலைக் காட்ட உறவினரை அழைத்துச் செல்லும் தில்லித் தமிழர்கள் அங்கும் ஒரு நடை போகலாம். இந்தப் பச்சீசியே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் சுருங்கி 'லூடோ' ஆயிற்று. ஆறுமுகப் பகடை வந்தது, சோழி போயிற்று.

அந்த லூடோ 2020-ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் கைப்பேசி வழியாக வீடுதோறும் நுழைந்தது. அதை நாங்கள் பழிக்கப் போவதில்லை. மதுரையில் இருக்கும் தாத்தாவும் தில்லியில் இருக்கும் பேத்தியும் ஒரே பலகையில் ஆட அது வழி செய்தது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் விதி முன்கூட்டியே முடிவாகிவிட்டது. தாத்தாவின் ஊர் வழக்கத்தை அது கேட்பதில்லை, பேத்தியும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. எங்கள் பிள்ளைகள் 'காட்டான்' என்ற ஜெர்மானிய ஆட்டத்தை வாங்கி வந்தார்கள். 1995-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய நல்ல ஆட்டம். அதன் விதிப்புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொல்லும் வேலை, தொழில் காரணமாக, எங்கள் தலையில் விழுந்தது. எந்த வழக்கானாலும் புத்தகத்தைப் புரட்டினால் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்துவிடுவதில் எங்களுக்குச் சிறிது ஏமாற்றமே.

வழக்குத் தீராத ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்புத் திருநெல்வேலி நண்பரின் தாயார், ஆச்சி என்று நாங்கள் யாவரும் அழைப்பவர், கணவர் காலமானபின் மகனோடு வசிக்கத் தில்லிக்கு வந்தார். மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு அலுவலகம் போனால் திரும்ப இருட்டிவிடும். ஆச்சிக்கு இந்தி தெரியாது. காய்கறிக்காரர் கூவுவது புரியாமல், பகல் முழுவதும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இத்தகைய முதியவர்களை நேயர்கள் உங்கள் ஊர்களிலும், ஒருவேளை உங்கள் வீட்டிலும், கண்டிருக்கலாம். குளிர்காலத்தில் ஒரு நாள் வெயில் காயப் புல்தரைக்கு வந்தவர், ஊரிலிருந்து பெட்டியின் அடியில் கொண்டுவந்த பல்லாங்குழிப் பலகையை விரித்தார். மைசூர்க் குடும்பத்து அஜ்ஜி அதைக் கண்டு அருகில் வந்து உட்கார்ந்தார். கன்னட நாட்டில் அதற்கு 'அளகுளி மணே' என்று பெயர்.

ஆச்சி குழிக்கு ஐந்து புளியங்கொட்டை இட்டார். அஜ்ஜி தலையசைத்து மறுத்து, ஒவ்வொன்றிலும் இன்னொன்று சேர்த்தார். 14 குழிக்கு 70 முத்து என்பது ஆச்சியின் பிறந்த வீட்டுக் கணக்கு. 84 என்பது அஜ்ஜி வீட்டுக் கணக்கு. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. எனினும் இருவரும் விடாமல் பேசினார்கள். ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்ததும் ஆச்சி "பசு!" என்று அள்ளினார். அஜ்ஜி ஒரு கணம் திகைத்து, "ஹசு?" என்றார். நம் பல் கன்னடத்தில் ஹல்லு, நம் பால் ஹாலு, நம் பசு ஹசு. நாங்கள் ஒருவரும் மொழிபெயர்க்காமலே இது நடந்தது. இரண்டு குளிர்காலம் அவர்கள் ஆடினார்கள். ஒரு நாள் ஐந்து, மறு நாள் ஆறு என்று உடன்பாடு. அந்த உடன்பாட்டிலும் நாள்தோறும் சச்சரவு. ஆச்சி பால்கனிக் கம்பியைப் பிடித்து நிற்பது நின்றது.

சென்ற வேனிலில் மைசூர் நண்பருக்குக் குவாஹாத்திக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அரசாங்க ஊழியர் வாழ்க்கையில் இதற்கு மேல்முறையீடு கிடையாது. அஜ்ஜி புறப்பட்ட பிறகு சில வாரங்கள் ஆச்சி பலகையைத் தனியே வைத்து ஆடினார். ஒருவரே ஆடும் அம்முறைக்குச் சீதைப்பாண்டி என்று பெயர். அசோக வனத்தில் சீதை ஆடியது என்பார்கள். அதைக் கண்ட தஞ்சாவூர் வீட்டுப் பெண், எட்டாம் வகுப்புப் படிப்பவள், பள்ளி விட்டதும் போய் எதிரில் உட்காரலானாள். அவள் தன் பாட்டி வழக்கப்படி ஐந்து ஐந்தாக முத்துகளை இட்டபோது ஆச்சி தடுத்துவிட்டார். "இன்னைக்கு அஜ்ஜி கணக்கு" என்றாராம்.

அந்தப் பெண்ணே இப்பொழுது எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். இடப்பக்கத்தில் ஆட்டத்தின் பெயர். வலப்பக்கத்தில் எந்த ஊர், யார் வீடு, எத்தனை முத்து, எதற்குக் காய் இறங்கும், எப்போது மறு உருட்டு என்ற விவரம். எந்த விதி சரி என்று எழுதக் கூடாது என்பது நாங்கள் இட்ட ஒரே நிபந்தனை. குவாஹாத்திக்குத் தொலைபேசியில் அழைத்து அஜ்ஜியிடம் கேட்டு எழுதியது நான்கு பக்கம் இருக்கிறது. வெட்டாமல் பழமேறலாமா என்ற பக்கத்தில் மட்டும் கோயம்புத்தூர் நண்பரும் தஞ்சாவூர் நண்பரும் ஒருவர் எழுதியதை ஒருவர் அடித்து அடித்துத் தாளே கிழிந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை புதுத் தாள் ஒட்டப்படும்.