பரிமாற ஆள் வேணும் ஐயா!

விருந்தின் பெருமை சமைப்பவராலா, பரிமாறுபவராலா? எதிரணித் தலைவர் வத்தக்குழம்பைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினார். எனக்குப் பசி வந்துவிட்டது. ஆனா இலையில போட ஆள் வரலையே ஐயா! (கைதட்டல்)

என் தங்கை மகள் கணினி படித்தவள். ஒரு கல்லூரிக்குத் தேர்வு முடிவு பார்க்கும் வலைத்தளம் செய்து கொடுத்தாள். ஜாங்கோ என்ற கட்டமைப்பில் எழுதியது. அமெரிக்காவில், கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் 2003இல் உருவாகி, 2005இல் பொதுவுக்கு வந்தது. ஜாங்கோ ராய்ன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் பெயர். தீ விபத்தில் இடக்கையில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்துப் புகழ் பெற்றவர். கம்ப்யூட்டர்காரர்களுக்கும் ரசனை உண்டு, நடுவர் அவர்களே!

ஒரு மாணவன் பதிவு எண்ணை அடித்து அனுப்புகிறான். அந்தக் கோரிக்கை நேரே சமையல்காரரிடம் போகாது. திருவரங்கம் கோயில் மாதிரி சுற்றுச் சுற்றாகக் கடக்கணும். ஒரு சுற்றில், 'நீ யார்?' இன்னொன்றில், 'இந்தப் படிவம் நம்ம பக்கத்திலிருந்து வந்ததுதானா?' சந்தேகம் வந்தால் அங்கேயே திருப்பிவிடுவார்கள். உள்ளே போனபின் முகவரிப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் எது பொருந்துகிறதோ அந்த நிரல் வேலை செய்யும். பதில், கடைசிச் சுற்றை முதலில் கடந்து வெளியே வரும்.

அருமையாகத்தான் சமைத்தாள். பரிமாறியதுதான் தப்பு. ஜாங்கோவோடு ஒரு குட்டி சர்வர் கூடவே வரும். சமைக்கும்போது உப்புப் பார்க்க. பொதுப் பயன்பாட்டுக்கு வேண்டாம் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. இவள் அதையே பந்திக்கு அனுப்பிவிட்டாள்! முடிவு வெளியான பத்தாவது நிமிஷம் தளம் திணறிப் படுத்துவிட்டது. சோதனை நிலையை வேறு அணைக்கவில்லை. மதிப்பெண் பார்க்க வந்த பிள்ளைகள் இவள் எழுதிய நிரல் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (சிரிப்பு)

சாயந்தரம் போனில் அழுகிறாள். "மாமா, எனக்கு வேலையே தெரியாதுங்கறாங்க மாமா."

அன்றிரவு அனுபவப்பட்ட தோழி ஒருத்தி வந்தாள். வாசலில் என்ஜின்எக்ஸ், பின்னால் கூனிகார்ன் என்று இரண்டை நிறுத்தினாள். கூனிகார்ன் மேஸ்திரி மாதிரி; 2 மையம் உள்ள கணினிக்கு 5 பணியாட்கள் என்று தொடங்கச் சொல்கிறது அதன் கையேடு. 30 விநாடி பேச்சு மூச்சு இல்லாத பணியாளை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடும். நம்ம ஆபீசில் முடியுமா? (பலத்த சிரிப்பு) அந்த என்ஜின்எக்ஸ் எதற்கு? மெதுவான இணைப்பில் ஒருத்தர் சொட்டுச் சொட்டாக வாங்குவார். அவர் வாங்கி முடிக்கிற வரை பணியாள் சாம்பார் வாளியோடு நின்றால் அடுத்த இலை என்ன ஆவது? இது பதிலைத் தான் வாங்கி வைத்துக்கொண்டு, அவரை நிதானமாகக் கவனிக்கும்.

மறுநாள் காலை மறுபடி போன். "மாமா, எல்லாப் பிள்ளைங்களும் பாத்துட்டாங்க. மதிப்பெண் எடுத்துக் குடுக்கிற நிரல்ல ஒரு வரிகூட மாத்தல மாமா!"

குழம்பு அதே குழம்பு, நடுவர் அவர்களே. எதிரணி பதில் சொல்லட்டும்.