ஆற்றங்கரையில் பறிபோன கண்கள்



மேற்கு ஆப்பிரிக்காவில் வோல்டா நதிக்கரையில் நல்ல விளைநிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். காரணம் ஆற்றுக் குருடு என்ற வியாதி. வேகமாக ஓடும் ஆற்றில் பெருகும் கறுப்பு ஈ, கரையில் உழைப்பவர்களைக் கடித்து, உடலில் புழுவை ஏற்றுகிறது. தோலுக்கடியில் தாய்ப்புழு போடும் குஞ்சுகள் கண்ணுக்குள் போய்ச் சாகின்றன. கண் புண்ணாகிப் பார்வை அவிகிறது.

போன பார்வை திரும்பாது, போகாமல் தடுக்கலாம். 1974ல் தொடங்கிய திட்டத்தில் ஆறுகளில் மருந்து தெளித்து ஈயின் புழுக்களை அழித்தார்கள். ஐவர்மெக்டின் மருந்து முதலில் ஆடு மாடுகளுக்குத்தான் விற்பனைக்கு வந்தது! மனிதருக்கான மாத்திரையை இலவசமாகத் தருவதாக மெர்க் கம்பெனி 1987ல் அறிவித்தது.

மாத்திரை குஞ்சுகளைக் கொல்லும், தாய்ப்புழுவைக் கொல்லாது. அது 10, 15 வருஷம் உயிர் வாழும். ஆகவே வருஷந்தோறும் ஊரே சாப்பிட வேண்டும். கிராமத்தார் தாங்களே ஆள் தேர்ந்தெடுத்து, வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்கள். 2025ல் நைஜர் நாட்டில் இந்நோய் பரவுவது நின்றுவிட்டதென உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

நாம் சொல்வது இதுதான்: மருந்து கண்டுபிடித்தால் மட்டும் போதாது, உழைப்பாளியின் கைக்கு அது வந்து சேர வேண்டும். அதற்கு ஊர் ஒன்றுபட வேண்டும்!