விடுதிக்குள் வரும் காற்று



கட்டுகஸ்தோட்டையிலிருந்து திகணைப் பக்கமாகச் சென்றால், விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டியுள்ள தெல்தெனியாவை அடையலாம். அவ்வூர் ஆதார வைத்தியசாலை 2020ஆம் ஆண்டில் கொவிட் நோயாளருக்கென ஒதுக்கப்பட்டது. அக்காலத்தில் வைத்தியரையும் தாதியரையும் நாடு போற்றியது, தகும். ஆனால் கட்டடங்களையும் குழாய்களையும் பேணியோரை நினைத்தவர் சிலரே.

பொது வைத்தியசாலையொன்று பெயர்ப்பலகையை மாற்றியதும் தொற்றுநோய் வைத்தியசாலை ஆகிவிடாது. நோயாளர் புகும் வழி வேறு, ஊழியர் வழி வேறு என வகுத்தல் வேண்டும். அதனினும் அரியது காற்றை ஆளுதல். நோய்க்கிருமி காற்றிற் கலக்கத்தக்க சிகிச்சை நடைபெறும் அறைகளில், நோயாளர் ஒருவருக்கு நொடிக்கு 160 லீற்றர் காற்றோட்டம் வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். உயர்ந்த கூரையும் எதிரெதிர்ச் சன்னல்களும் கொண்ட பழைய விடுதிகளைப் பழமை என்று இகழ்ந்தோமே! குளிரூட்டியை நம்பிச் சன்னலை அடைத்த அறையிலோ உள்ளிருக்கும் காற்றே சுழலும். அங்கே விசிறி வைத்துக் காற்றை வெளியே இழுத்தனர். அப்போது நடைபாதைக் காற்று அறைக்குள் செல்லுமேயன்றி, அறைக்காற்று நடைபாதைக்கு வாராது.

அடுத்தது பிராணவாயு. மூச்சுத் திணறுவோருக்கு அதனை மிகுதியாய்ச் செலுத்தும் கருவி, நிமிடத்திற்கு 60 லீற்றர் வரை கொள்ளும். பெரிய உருளையொன்றில் அடங்குவது ஏறக்குறைய 6,800 லீற்றர். இரண்டு மணி நேரமும் தாங்காது. ஆதலால் குழாய்வழி விநியோகம் வேண்டும். பல கருவிகள் ஒருங்கே இயங்கினால் குழாயில் அழுத்தம் தாழும். நள்ளிரவிலும் அழுத்தமானியின் முன் ஒருவர் விழித்திருக்க வேண்டியது இதனாலேயே.